கப்பல் அறையில் கோளாறா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

இரவு மூன்று மணி இருக்கும். பாத்ரூம் போக எழுந்த அம்மா, "கீழ எல்லாம் ஈரமா இருக்கேப்பா" என்று என்னை எழுப்பினார். விளக்கைப் போட்டேன். வெறுங்காலால் கார்பெட்டை அழுத்தினால் விரல் இடுக்கில் தண்ணீர் ஊறி வந்தது. அண்ணாந்து பார்த்தால், கூரைத் தகடுகள் இரண்டு சேரும் கோட்டில் ஒரு துளி திரண்டு, நீண்டு, விழுந்தது. அடுத்த துளி அதே இடத்தில் திரளத் தொடங்கியது.

சிங்கப்பூர் மரினா பே முனையத்தில் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் போய்த் திரும்பும் நான்கு இரவுப் பயணம் அது. அன்று பகலில்தான் பினாங்கு லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுக் கப்பலுக்குத் திரும்பியிருந்தோம். வீடாக இருந்தால் பிளம்பரைக் கூப்பிடலாம். ஹோட்டலாக இருந்தால் பக்கத்துத் தெருவில் இன்னொரு ஹோட்டல் பார்க்கலாம். நடுக்கடலில் இரண்டும் முடியாது. இருக்கிற ஆட்கள், இருக்கிற உதிரிப்பாகம், இருக்கிற அறைகள், இவ்வளவுதான். பெரும்பாலான கப்பல்கள் அறைகள் நிரம்பித்தான் கிளம்புகின்றன என்பதால் "வேறு ரூம் கொடுங்கள்" என்பதும் சுலபத்தில் நடக்காது.

அதனால் என்ன கோளாறு, நாமே பார்த்துக்கொள்ளக்கூடியதா, யாரிடம் சொன்னால் வேலை நடக்கும் என்று தெரிந்திருப்பது கப்பலில் ரொம்ப முக்கியம். அன்று இரவு தெரிந்துகொண்டதையும், பிறகு போன பயணங்களில் பார்த்ததையும் சேர்த்து அறிகுறி வாரியாக எழுதுகிறேன். பெரியவர்களையோ குழந்தைகளையோ கூட்டிக்கொண்டு போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்பே ஒருமுறை படித்துவிடுங்கள்.

புகை வாடை, தீய்ந்த வாடை, தீப்பொறி, எச்சரிக்கை மணி

இதற்கு மட்டும் யோசிக்கவே கூடாது. ரிசப்ஷன் எண்ணை அழைத்து வரிசையில் காத்திருக்காதீர்கள். அறைத் தொலைபேசியின் மேலேயே அவசர எண் ஒட்டியிருக்கும், அதை அழுத்துங்கள். அறை எண்ணை முதலில் சொல்லுங்கள், அப்புறம் என்ன வாடை, எங்கிருந்து என்பதைச் சொல்லுங்கள். எல்லோரையும் வெளியே கூட்டிவந்து கதவைச் சாத்திவிடுங்கள். கப்பலில் தீ எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2006 மார்ச்சில் கரீபியன் கடலில் போன ஸ்டார் பிரின்சஸ் கப்பலில் ஒரு பால்கனியில் பிடித்த தீ பல தளங்களுக்குப் பரவி, ஒரு பயணி இறந்தார். அணையாத சிகரெட் துண்டுதான் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் தெரிந்தது.

நம் வீடுகளில் காலையில் ஊதுபத்தி ஏற்றுவது வழக்கம். கப்பல் அறையில் அது கூடாது. ஊதுபத்தி, கற்பூரம், அகல் விளக்கு எதுவானாலும் கூரையில் இருக்கும் புகை உணரி உடனே கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிவிடும், அடுத்த சில நிமிடங்களில் ஆட்கள் கதவைத் தட்டுவார்கள். சாமி கும்பிட விபூதியும் ஒரு சின்னப் படமும் போதும்.

ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் அது பொது அபாய ஒலி. எந்த இடத்தில் கூட வேண்டும் என்பது அறைக் கதவின் உட்பக்கத்திலும் உங்கள் அறைக் கார்டிலும் எழுதியிருக்கும். 2012 ஜனவரி 13-ஆம் தேதி இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தபோது, அன்று ஏறியிருந்த பலருக்கு, அபாய ஒலி கேட்டால் அந்த இடத்தில் கூடிப் பழகும் பாதுகாப்புப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதுதான் அப்போதைய விதி. இப்போது கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும். அதைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, கார்பெட் ஈரமாக இருக்கிறது

எங்களுக்கு வந்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தரையில் இருக்கும் பெட்டி, செருப்பு, சார்ஜர் எல்லாவற்றையும் தூக்கிக் கட்டிலில் வையுங்கள். ஈரத்துக்குப் பக்கத்தில் பிளக் இருந்தால் கை வைக்காதீர்கள், அதைச் சொல்லியும் விடுங்கள். சொட்டும் இடத்துக்கு நேர் கீழே எதையாவது வையுங்கள். பல அறைகளில் ஒரு ஐஸ் வாளி இருக்கும், நான் அதைத்தான் வைத்தேன். அடியில் ஒரு துண்டை மடித்துப் போட்டால் சத்தமும் குறையும், தெறிக்கவும் தெறிக்காது. பிறகு செல்போனில் ஒரு படமும் பத்து விநாடி வீடியோவும் எடுங்கள்.

அப்புறம் அந்தத் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள். அன்று வந்த டெக்னீஷியன் முதலில் செய்தது அதைத்தான். ஒரு துளியை உள்ளங்கையில் ஏந்தி, விரலால் தேய்த்து, முகர்ந்து பார்த்தார். "குளிர்ச்சியாக இருக்கிறது, வாடை இல்லை, ஏசி தண்ணீர்" என்றார். வெதுவெதுப்பாக இருந்திருந்தால் சுடுதண்ணீர்க் குழாயைப் பார்த்திருப்பாராம். நாற்றம் இருந்தால் கழிவுக் குழாய், அதற்கு வேறு ஆட்கள் வருவார்களாம். போனில் அழைக்கும்போதே "குளிர்ந்த தண்ணீர், வாடையில்லை, நிமிடத்துக்கு இத்தனை சொட்டு" என்று சொன்னால் சரியான ஆள் சரியான சாமானோடு வருவார். வாடை இருந்தால் மட்டும் நீங்கள் தொட வேண்டாம். காலில் பட்டிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அறையை மாற்றித் தரச் சொல்லி அப்போதே கேளுங்கள். கழிவுத் தண்ணீர் ஊறிய கார்பெட்டில் யாரும் தூங்கக் கூடாது.

அவர் கூரைத் தகடு ஒன்றைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஒரு சின்ன மின்விசிறிப் பெட்டி, அதில் குளிர்ந்த நீர் ஓடும் சுருள் குழாய். ஈரக்காற்று அந்தக் குழாயில் பட்டதும் வியர்த்து, அடியில் உள்ள தட்டில் சேர்ந்து, ஒரு மெல்லிய குழாய் வழியாக வடிய வேண்டும். அந்தக் குழாய் நூலும் தூசியுமாக அடைத்திருந்தது. விரல் நீளத்துக்கு, சாம்பல் நிறத்தில், ஈரப் பஞ்சு மாதிரி ஒன்றை உருவி எடுத்தார். "பால்கனிக் கதவைத் திறந்து வைத்திருந்தீர்களா?" என்றும் கேட்டார். மாலையில் அம்மா கடலைப் பார்க்க வேண்டும் என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் திறந்துதான் வைத்திருந்தோம். மலாக்கா நீரிணைக் காற்றில் இருக்கும் ஈரப்பதத்துக்கு, திறந்த கதவு அந்தத் தட்டை இரண்டு மடங்கு வேகத்தில் நிரப்பும் என்றார். அடைப்பு பழையது, ஆனால் அன்று இரவே வழிந்ததற்கு எங்கள் கதவும் ஒரு காரணம்.

கூரை வறண்டிருக்க, பாத்ரூம் வாசலில் மட்டும் ஈரம் என்றால் பெரும்பாலும் குளியல் தண்ணீர்தான். கப்பல் ஒரு பக்கம் சாயும்போது தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் வாசல் பக்கம் ஓடும். அதற்காகத்தான் பாத்ரூம் வாசலில் அந்த உயரமான படி. திரையின் அடிப்பகுதியை உள்பக்கமாக விட்டுக் குளித்து, ஒருமுறை சோதித்துப் பாருங்கள். பால்கனிக் கதவோரம் மட்டும் ஈரம், வெளியே பெருமழை என்றால் கதவுப் பிடியை முழுதும் திருப்பிப் பூட்டினீர்களா என்று பாருங்கள். பிடி முழுதாகத் திரும்பினால்தான் ரப்பர் ஒட்டும்.

கார்பெட் நனைந்துவிட்டால், சொட்டுவது நின்றதும் பிரச்சினை தீர்ந்தது என்று விட்டுவிடாதீர்கள். மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் அடியில் உள்ள மெத்தை விரிப்பில் ஈரம் தங்கி, மறுநாள் மாலை புழுங்கிய வாடை வரும். தண்ணீர் உறிஞ்சும் இயந்திரமும், காற்று ஊதும் பெரிய விசிறியும் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அந்த விசிறி போடும் சத்தத்தில் யாரும் தூங்க முடியாது. பகலில் நீங்கள் வெளியே இருக்கும் நேரத்தில் ஓடவிடச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கூரையில் சின்னக் கண்ணாடிக் குமிழோடு துருத்திக்கொண்டிருப்பது தீயணைப்புத் தெளிப்பான். சட்டை ஹாங்கர் மாட்ட வசதியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் குமிழ் உடைந்தால் குழாயில் தேங்கிய கறுத்த தண்ணீர் அறை முழுதும் கொட்டும். துணி காயப்போட காந்தக் கொக்கிகள் வாங்கிக்கொண்டு போங்கள். கப்பல் அறைச் சுவர்கள் பெரும்பாலும் எஃகுத் தகடு, காந்தம் நன்றாக ஒட்டும்.

டாய்லெட் ஃப்ளஷ் ஆகவில்லை

கப்பலில் அதிகம் வரும் புகார் இதுவாகத்தான் இருக்கும். வீட்டு டாய்லெட் மாதிரி இது தண்ணீரின் எடையால் இயங்குவதில்லை. குழாய்களுக்குள் காற்றை உறிஞ்சி எடுத்து வைத்திருப்பார்கள். பொத்தானை அழுத்தினால் அடியில் ஒரு வால்வு திறக்கும், "உஷ்ஷ்ட்" என்று உறிஞ்சிக்கொண்டு போகும். ஒரு ஃப்ளஷுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர்தான் செலவு. நம் வீட்டுத் தொட்டி ஆறு லிட்டருக்கு மேல் கொட்டுகிறது என்பதை நினைத்தால், ஆயிரக்கணக்கான பேர் இருக்கும் கப்பலுக்கு ஏன் இந்த முறை என்று புரியும். அந்தச் சத்தத்துக்குச் சின்னக் குழந்தைகள் பயப்படுவார்கள். மூடியை மூடிவிட்டு அழுத்துங்கள், சத்தமும் குறையும். உட்கார்ந்தபடி அழுத்தவே கூடாது.

என்ன சத்தம் வருகிறது என்பதை வைத்தே பாதி கண்டுபிடித்துவிடலாம். அழுத்தியதும் சத்தமே இல்லை என்றால் உறிஞ்சும் சக்தி இல்லை, அல்லது வால்வு வேலை செய்யவில்லை. பக்கத்து அறைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மேலும் கீழுமாக அடுக்கில் உள்ள அறைகள் ஒரே குழாயில் சேர்வதால், ஒரு அறையில் போட்டது பத்து அறைகளை நிறுத்திவிடும். அவர்களுக்கும் வரவில்லை என்றால், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் பாத்ரூமைப் பிரித்துப் பார்த்து நேரத்தை வீணாக்காமல் பொதுக் குழாயைத் தேடிப் போவார்கள்.

சத்தம் வருகிறது, ஆனால் கழிவு போகவில்லை என்றால் உங்கள் கிண்ணத்தின் வாயிலேயே அடைப்பு. பத்து நிமிடம் விட்டு ஒருமுறை மட்டும் அழுத்திப் பாருங்கள். திரும்பத் திரும்ப அழுத்தினால் அடைப்பு இன்னும் உள்ளே போய் இறுகும். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவதும் வீண்வேலை, வழிந்து தரைக்குத்தான் வரும். மூன்றாவது வகை, "ஸ்ஸ்ஸ்" என்று நிற்காமல் இழுத்துக்கொண்டே இருப்பது. வால்வு மூடாமல் நிற்கிறது என்று அர்த்தம். இரவானாலும் உடனே சொல்லுங்கள், அது உங்கள் வரிசை முழுவதற்கும் உறிஞ்சும் சக்தியைக் குறைக்கும்.

ஆட்கள் வரும்வரை நடன அரங்கு, உணவுக்கூடம் இருக்கும் தளங்களில் பொது டாய்லெட் உண்டு. வயதானவர்கள் இருந்தால் ஏறிய அன்றே அறைக்கு மிக அருகில் இருப்பது எது என்று நடந்து பார்த்து வைத்துவிடுங்கள்.

காகிதத்தைத் தவிர வேறு எதையும் உள்ளே போடாதீர்கள். ஈரத் துடைப்பான், சானிட்டரி நாப்கின், மிஞ்சிய சோறு, சீப்பில் சேர்ந்த முடி எல்லாம் குப்பைக் கூடைக்கு. "ஃப்ளஷ் செய்யலாம்" என்று உறையில் எழுதியிருக்கும் துடைப்பானும் கப்பல் குழாய்க்கு ஆகாது. பெரும்பாலான கப்பல்களில் கைத்தெளிப்பான் குழாய் இருக்காது. நம்மவர்கள் பழக்கத்துக்கு ஒரு சின்ன மக்கோ, மூடியில் துளையிட்ட பாட்டிலோ கொண்டுபோவது நல்லது. அது இல்லாமல் துடைப்பானை வாங்கித்தான் பலர் அடைப்பில் மாட்டிக்கொள்கிறார்கள்.

பாத்ரூமில் சாக்கடை வாடை, ஆனால் எல்லாம் வேலை செய்கிறது

தரையில் உள்ள வடிகாலுக்கு அடியில் வளைந்த குழாய் ஒன்றில் கொஞ்சம் தண்ணீர் நின்று, கீழிருந்து வரும் காற்றைத் தடுக்கும். கப்பல் ஆடும்போது அந்தத் தண்ணீர் சிதறிப்போகும், அல்லது அந்த அறை சில நாள் காலியாக இருந்தால் வற்றிப்போகும். இரண்டு மூன்று டம்ளர் தண்ணீரை எல்லா வடிகாலிலும் ஊற்றுங்கள், வாஷ்பேசினையும் விடாதீர்கள். பாதி சமயம் பத்து நிமிடத்தில் வாடை போய்விடும். போகவில்லை என்றால் சொல்லிவிட வேண்டியதுதான்.

குழாயில் முதலில் கொஞ்சம் பழுப்பாக வருவது, பழுதுபார்த்த குழாயில் தண்ணீர் திரும்ப விடும்போது நடப்பதுதான். ஓரிரு நிமிடம் ஓடவிட்டும் தெளியவில்லை என்றால் அந்தத் தண்ணீரில் பல் தேய்க்க வேண்டாம்.

ஏசி குளிரவில்லை, அல்லது நடுங்குகிற குளிர்

முதல் கேள்வி, பால்கனிக் கதவு. பல கப்பல்களில் அந்தக் கதவில் ஓர் உணரி இருக்கும், கதவு கொஞ்சம் திறந்திருந்தாலும் ஏசி நின்றுவிடும். நன்றாகச் சாத்தி, பிடியைத் திருப்பி, அரைமணி நேரம் பாருங்கள். அடுத்து, வெயில் பக்கத்து அறை என்றால் வெளியே போகும்போது திரைச்சீலையை இழுத்துவிட்டுப் போங்கள். வெப்பநிலைக் குமிழை ஒரேயடியாகக் கடைசி வரை திருப்புவதால் சீக்கிரம் குளிர்ந்துவிடாது. இரவில் எழுந்து நடுங்குவதுதான் நடக்கும்.

குளிர் அதிகம், குமிழைத் திருப்பியும் குறையவில்லை என்றால் வால்வு திறந்தபடி மாட்டியிருக்கும், அதற்கு டெக்னீஷியன்தான் வர வேண்டும். அதுவரை கூடுதல் போர்வை கேளுங்கள். காற்று வரும் துவாரத்தைத் துண்டு வைத்து அடைக்கும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உள்ளே வியர்த்துத் தண்ணீர் சொட்ட அதுவே காரணமாகிவிடும்.

கரண்ட் இல்லை, பிளக் வேலை செய்யவில்லை

பல கப்பல்களில் கதவருகே ஒரு சின்னப் பிளவு இருக்கும். அதில் கார்டைச் சொருகினால்தான் விளக்கும் பிளக்கும் உயிர்பெறும். வேறு யாராவது கார்டை உருவிக்கொண்டு போனார்களா என்று பாருங்கள். தொண்ணூறு வயதுத் தாத்தாவை இருட்டில் விட்டுவிட்டுப் பேரன் நீச்சல் குளத்துக்குப் போன கதை எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்தது. பெரியவர் அறையில் இருந்தால் ஒரு கார்டு அந்தப் பிளவை விட்டு அசையக் கூடாது.

ஹேர் டிரையர் போட்டதும் எல்லாம் அணைந்தால், அதிகச் சுமை. அதைக் கழற்றிவிட்டு ரிசப்ஷனைக் கூப்பிடுங்கள், வெளியே இருந்து போட்டுத் தருவார்கள்.

பிளக் போதவில்லை என்று வீட்டிலிருந்து சர்ஜ் புரொடெக்டர் (மின்சாரம் திடீரென்று எகிறினால் தடுக்கும் சில்லு) உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டி கொண்டுபோகாதீர்கள். ஏறும்போதே எடுத்து வைத்துக்கொள்வார்கள். அதற்குக் காரணம் உண்டு. வீட்டு மின்சாரத்தில் ஒரு கம்பி பூமியோடு சேர்ந்திருக்கும். கப்பலில் பெரும்பாலும் இரண்டு கம்பிகளுமே கப்பலின் உடலோடு சேராமல் தனித்திருக்கும். எங்காவது ஒரு கம்பி உடலைத் தொட்டுவிட்டால், அந்தப் பெட்டிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சில்லுக்குள் மின்சாரம் ஓயாமல் பாய்ந்து, அதுவே சூடேறித் தீப்பிடிக்கலாம். 2013-இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை இதற்காகத் தனி எச்சரிக்கையே வெளியிட்டது. இஸ்திரிப் பெட்டி, மின்சாரக் கெட்டில், ரைஸ் குக்கரையும் கொண்டுபோகாதீர்கள். குழந்தைக்குப் பால் கலக்க வெந்நீர் வேண்டுமென்றால் ஒரு ஃபிளாஸ்க் கொண்டுபோய் நிரப்பித் தரச் சொல்லுங்கள். முகம் சுளிக்காமல் கொடுப்பார்கள்.

கதவு திறக்கவில்லை, லாக்கர் திறக்கவில்லை

கார்டைச் செல்போனோடும் காந்த மூடி உள்ள பர்ஸோடும் வைத்தால் அதில் உள்ள பதிவு அழிந்துபோகலாம், புதுக் கார்டு போட்டுத் தருவார்கள். புதுக் கார்டுக்கும் திறக்காமல் சிவப்பு விளக்கு எரிந்தால் பூட்டின் பேட்டரி. லாக்கர் எண்ணை மறந்துவிட்டால் கண்டபடி அழுத்தாதீர்கள். அடையாளம் பார்த்து, உங்கள் கண்முன்னே பாதுகாப்பு ஊழியர்தான் திறப்பார். கரைக்கு இறங்கும் காலையில் பாஸ்போர்ட் உள்ளே மாட்டிக்கொண்டால் பெரும் அவதி என்பதால், முந்தின இரவே எடுத்து வெளியே வைத்துவிடுங்கள்.

சத்தம், அதிர்வு, ஆட்டம்

எந்த நேரத்தில் வருகிறது என்று முதலில் கவனியுங்கள். விடியற்காலையில் தலைக்கு மேலே கரகரவென்று இழுபடும் சத்தம் என்றால் உங்களுக்கு மேலே நீச்சல் குளத் தளம், நாற்காலி அடுக்குகிறார்கள். துறைமுகம் நெருங்கும்போது முன்பக்க அறைகளில் கடகடவென்று அதிர்ந்தால், கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்தும் முன்புற உந்துவிசிறிகள், அல்லது நங்கூரச் சங்கிலி. பின்பக்க அறையில் இடைவிடாத மெல்லிய நடுக்கம் உந்துவிசிறியிடமிருந்து வருவது. இவை எல்லாம் கப்பலின் இயல்பு, யாராலும் நிறுத்த முடியாது. காதடைப்பான் கேளுங்கள், இருந்தால் தருவார்கள். அடுத்த முறை மேலும் கீழும் அறைகளே உள்ள தளத்தில், நடுவில் எடுங்கள்.

சரிசெய்யக்கூடிய சத்தமும் உண்டு. கப்பல் அசையும்போதெல்லாம் "கிறீச், கிறீச்" என்றால் சுவர்த் தகடுகள் உரசுகின்றன. சுவரில் கையை வைத்து அழுத்திக்கொண்டே போங்கள், சத்தம் நிற்கும் இடம்தான் அது. அந்த இடுக்கில் மடித்த அட்டைத் துண்டைச் சொருகுங்கள். அலமாரிக்குள் ஹாங்கர்கள் மோதிக்கொண்டால் நடுவில் ஒரு துண்டைத் தொங்கவிடுங்கள். பக்கத்து அறையின் பேச்சு அப்படியே கேட்டால் இடையில் இணைப்புக் கதவு இருக்கும், அதன் அடி இடுக்கில் துண்டைச் சுருட்டி வையுங்கள்.

ஆட்டம் தாங்கவில்லை, வயிறு புரட்டுகிறது என்றால் அறையில் படுத்துக் கிடக்காதீர்கள். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், தொடுவானம் தெரியும் இடமாகப் பார்த்து உட்காருங்கள். இஞ்சி மிட்டாய் பலருக்கு உதவுகிறது. மாத்திரை போடுவதாக இருந்தால் புரட்டல் தொடங்கும் முன்பே போட வேண்டும், மற்ற மருந்துகள் சாப்பிடும் பெரியவர்களுக்கு ஊரிலேயே டாக்டரைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

மெத்தையில் பூச்சி

ஏறியதும், பெட்டியைக் கட்டிலில் வைக்கும் முன், விரிப்பின் மூலையைத் தூக்கி மெத்தைத் தையலோரம் டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளியோ ஆப்பிள் விதை அளவில் பழுப்புப் பூச்சியோ தெரிந்தால் எதையும் தட்டிவிடாமல் படம் எடுத்துக் கூப்பிடுங்கள். இதற்கு மட்டும் விரிப்பை மாற்றித் தந்தால் போதும் என்று ஒத்துக்கொள்ளக் கூடாது. வேறு அறை கேளுங்கள், துணிகளைச் சூடாகத் துவைத்து உலர்த்தித் தரவும் கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோனால் மாதக்கணக்கில் அவதி.

சொல்லியும் நடக்கவில்லை

முதலில் சொல்ல வேண்டியது ரிசப்ஷனுக்குப் போன் செய்து. அறையைச் சுத்தம் செய்யும் ஸ்டூவர்ட் அன்பானவராக இருப்பார், நம் அம்மாவிடம் அன்பாக நாலு வார்த்தை பேசியிருப்பார், அவரிடம் சொன்னால் போதும் என்று தோன்றும். அவருக்குத் துண்டும் விரிப்பும்தான் கையில் இருக்கின்றன, குழாய்க்குச் சாவி இல்லை. போனில் சொன்னால்தான் நேரத்தோடு கணினியில் பதிவாகும். பதிவு எண் இருந்தால் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், பேசியவர் பெயரையும் நேரத்தையும் சேர்த்து. ஸ்டூவர்டிடம் கோபப்படவும் வேண்டாம். 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் ஒரு நாளைக்குக் குறைந்தது 10 மணி நேர ஓய்வு என்கிறது, அப்படியென்றால் மீதி 14 மணி நேரம் வரை வேலை செய்யவைக்கலாம். நம் கூரை ஒழுகியதற்காக அவருடைய டிப்ஸைக் குறைப்பது பெரிய அநியாயம்.

இரண்டு மணி நேரத்தில் யாரும் வரவில்லை, அல்லது வந்து சரிசெய்த கோளாறு திரும்ப வந்துவிட்டது என்றால் கவுண்டருக்கு நேரில் போங்கள். இரவு உணவு நேரத்தில் கூட்டம் குறைவாக இருக்கும். மேற்பார்வையாளரைக் கேளுங்கள். அதற்கும் மேலே, அறை, உணவு, உபசரிப்பு எல்லாவற்றுக்கும் பொறுப்பாக ஹோட்டல் டைரக்டர் என்று ஒருவர் இருப்பார். அவருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதிக் கொடுங்கள்: அறை எண், எப்போது தொடங்கியது, எத்தனை முறை சொன்னோம், என்ன கேட்கிறோம். கடைசி வரி முக்கியம். "ஏதாவது செய்யுங்கள்" என்றால் ஒரு தட்டுப் பழமும் மன்னிப்புக் கடிதமும் வரும். என்ன வேண்டும் என்று சொன்னால் அதைப் பற்றிப் பேசலாம்.

எங்களுக்கு மறுநாள் மதியம் வாடை கிளம்பியது. வேறு அறை கேட்டோம், இல்லை என்றார்கள். நனைந்த துணிகளைத் துவைத்துத் தர வேண்டும், ஓர் இரவுக்கான கட்டணத்தைக் கணக்கில் திருப்ப வேண்டும், அம்மாவுக்கு மூச்சிரைப்பு இருப்பதால் மாலைக்குள் கார்பெட் காய வேண்டும் என்று மூன்றே மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். மூன்றும் நடந்தன. படமும் வீடியோவும் கையில் இருந்ததால் யாரும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை.

இழப்பீட்டில் எதை எதிர்பார்க்கலாம், எதை முடியாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2013 பிப்ரவரியில் மெக்சிகோ வளைகுடாவில் கார்னிவல் டிரையம்ஃப் கப்பலின் எஞ்சின் அறையில் தீப்பிடித்து, மின்சாரம் போய், டாய்லெட்டுகள் நின்று, 4,000 பேருக்கு மேல் நான்கு நாள் தவித்து, இழுவைக் கப்பல்கள் மோபில் நகரத்துக்கு இழுத்து வந்தன. அதே ஆண்டு மே மாதம் சர்வதேசக் கப்பல் நிறுவனச் சங்கம் பயணிகள் உரிமைப் பட்டியல் ஒன்றை அறிவித்தது. இயந்திரக் கோளாறால் பயணம் ரத்தானால் முழுப் பணம், பாதியில் முடிந்தால் ஒரு பகுதி, கரையில் கட்டிய கப்பலில் அடிப்படை வசதிகள் தர முடியாவிட்டால் இறங்கிப்போகும் உரிமை என்பதெல்லாம் அதில் உண்டு. ஆனால் பயணம் நடந்துகொண்டிருக்க, ஒரே ஒரு அறையில் ஏசியோ டாய்லெட்டோ கெட்டுப்போவது அதில் வராது. அது டிக்கெட் ஒப்பந்தத்தையும் கப்பல்காரர்களின் நல்லெண்ணத்தையும் பொறுத்தது. அதனால்தான் கோளாறு நடக்கும்போதே சொல்லிப் பதிவுசெய்வதை இவ்வளவு வற்புறுத்துகிறேன். கடைசி நாள் சொன்னால், சரிசெய்ய எங்களுக்கு வாய்ப்பே தரவில்லையே என்பார்கள், அதற்கு நம்மிடம் பதில் இருக்காது.

பொருள் சேதமானால் கப்பலிலிருந்தே எழுத்தில் ஓர் அறிக்கை வாங்கிவிடுங்கள். பயண இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

கணக்கில் வரவு வைப்பதாகச் சொன்னால், எப்போது வைப்பீர்கள் என்று கேட்டு, அறை டிவியிலோ செயலியிலோ பில்லைத் திறந்து பாருங்கள். பல நிறுவனங்களில் அந்த வரவைக் கப்பலுக்குள்தான் செலவழிக்க முடியும், கடைசி இரவோடு காலாவதியாகும். எங்களுக்கு வந்த வரவை எதில் செலவழிப்பது என்று அம்மாவிடம் கேட்டேன். இரவெல்லாம் தூங்காமல் கூரையைப் பிரித்த அந்த டெக்னீஷியனுக்கு அதிலிருந்து ஏதாவது தரமுடியுமா என்றார். கவுண்டரில் விசாரித்தால், அந்த வரவை ஊழியருக்கு மாற்ற முடியாது, கையில் பணமாகக் கொடுக்கலாம் என்றார்கள். உறையில் போட்டு, பேர் எழுதி, காலையில் இறங்கும் முன் கவுண்டரில் கொடுத்துவிட்டு வந்தோம்.